மாலை கழற்றிய மறுநாள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். போனை நீ எடுக்கவில்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் நீ பார்த்தாயா இல்லையா என்று நான் டிக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அந்த அவஸ்தை இரண்டு பேருக்கும் வேண்டாம். உன் அம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு வாங்கிய பிரஷர் மாத்திரைப் பொட்டலத்தோடு இதையும் சேர்த்துக் கட்டி, வத்தலக்குண்டிலிருந்து மேலே வரும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். கொடைக்கானலில் பூம்பாறை பஸ்ஸுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார்.

நடந்ததை அக்கா சொல்லிவிட்டாள். பத்து மாதம் தொடாமல் இருந்தவன் சனிக்கிழமை ராத்திரி தொட்டுவிட்டாய். ஞாயிறும் குடித்தாய். திங்கள் காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாய். சீசன் நேரத்தில் வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது என்று அழுதாள். சாவி ஆணியில் தொங்குகிறது என்ற ஒன்றைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. அந்த நிலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்காமல் இருக்கும் புத்தி உன்னிடம் மிச்சம் இருக்கிறது.

முதலில் உடம்பு. மற்றதெல்லாம் அப்புறம். கை நடுங்குகிறதா? குளிரிலும் வேர்க்கிறதா? தூக்கம் வராமல் சுவரில் ஏதோ ஊர்வது போலத் தெரிகிறதா? இரண்டு நாள் குடியில் சாதாரணமாக அந்த அளவுக்குப் போகாது. ஆனால் போன வருடம் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின நாள் உனக்கு வலிப்பு வந்தது, அதை நான் மறக்கவில்லை. நெடுநாள் குடித்துப் பழகிய உடம்பில், நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இடம் தெரியாமல், ஆள் தெரியாமல் பிதற்றும் நிலை வரலாம். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரை வாங்கிவிடும். குடித்து நிறுத்தி, மறுபடி குடித்து நிறுத்தி வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் இது முன்னைவிடக் கடுமையாக வரக்கூடும். இதில் ஒன்று இருந்தாலும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடச் சொல். அக்காவுக்கும் போனில் இதைச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று: ஆஸ்பத்திரியில் குளூக்கோஸ் ஏற்றப் போனால், பழைய குடிநோயாளி என்பதை வாய்விட்டுச் சொல். அப்படிப்பட்டவர்களுக்கு பி1 வைட்டமின் ஊசியை முதலில் போட்ட பிறகே குளூக்கோஸ் ஏற்றுவார்கள். வெட்கப்பட்டு மறைத்தால் மூளைக்குக் கேடு. கீழ்மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்து ஜன்னலுக்குப் பின்னால் இருந்து மாத்திரை எண்ணிக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். இந்த விஷயத்தில் வெட்கம் செய்த கெடுதலை நிறையப் பார்த்துவிட்டேன்.

நடுக்கம் ஒன்றுமில்லை, வெறும் தலைவலியும் வயிற்றுப் புரட்டலும்தான் என்றால் சரி. கஞ்சி குடி, தண்ணீர் குடி, தூங்கு. பிறகு மேலே படி.

சனிக்கிழமை குடித்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். நைட் ஹால்ட், பார்ட்டிக்காரர்கள் தீ மூட்டி உட்கார்ந்துகொண்டு “டிரைவர் தம்பி, குளிருக்கு ஒரு கட்டிங் போடுங்க” என்று நீட்டியிருப்பார்கள். தூக்கமில்லாத வாரம். எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமை குடித்ததற்கு ஒரே காரணம்தான்: சனிக்கிழமை குடித்துவிட்டாய். “எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கு” என்று உள்ளே ஒருவன் சொன்னான் பார், அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். குடியை விட்டவர்கள் எப்படி மறுபடி விழுகிறார்கள் என்பதே அவருடைய முக்கியமான வேலை. 1985-ல் ஜூடித் கார்டனோடு சேர்ந்து அதைப் பற்றிய நூலைக் கொண்டுவந்தார். முதல் கிளாஸ் வேறு, பழைய குடிக்கு முழுசாகத் திரும்புவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் நிற்பது சரக்கு மட்டுமில்லை. அந்த ஆள் தன்னைப் பற்றித் தனக்கே சொல்லிக்கொள்ளும் தீர்ப்பும்தான். “நான் இவ்வளவுதான், எனக்குத் திராணி கிடையாது” என்று முடிவு கட்டுகிறவர் அந்த அவமானத்தை மறக்கவே அடுத்ததை ஊற்றிக்கொள்கிறார். “இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்த ஆட்களோடு இருந்தபோது தவறியது” என்று பார்க்கிறவருக்குத் திரும்பி வர வழி இருக்கிறது. உனக்குத் தெரியாததா? ஏற்றத்தில் வண்டி நின்று பின்னால் நகர்ந்தால் கிளீனர் குதித்து டயருக்குக் கல் முட்டுக் கொடுப்பான். மூன்றடி நகர்ந்துவிட்டது, இனி வத்தலக்குண்டு வரை உருளட்டும் என்று எவனும் விடுவதில்லை.

நம் பக்கத்தில் இந்த “எல்லாம் போச்சு” இன்னும் ஆழமாக ஊறியிருக்கிறது. அதற்குக் காரணம் நாம் குடியை விடுகிற விதம் என்று நினைக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்தில் பழனி இருக்கிறது. தைப்பூசத்துக்கு மாலை போடுகிறோம், கார்த்திகையில் சபரிமலைக்குப் போடுகிறோம். மாலை கழுத்தில் ஏறினால் எப்பேர்ப்பட்ட குடிகாரனும் நிறுத்திவிடுகிறான். நீயே இரண்டு தடவை அப்படி இருந்திருக்கிறாய். மாலையைக் கேலி செய்கிறவன் நான் இல்லை. 48 நாள் அது எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பார்த்தால் எந்த ஆஸ்பத்திரிக்காரரும் பொறாமைப்படுவார். நேற்று வரை “டேய்” என்றவர்கள் “சாமி” என்கிறார்கள். எவனும் கிளாஸை நீட்ட மாட்டான். நீட்டினால் பாவம் என்று பயம். விடியக் காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறோம், நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், பாயில் படுக்கிறோம். எந்த நேரம் கடைக்குப் போகும் நேரமோ அந்த நேரத்தில் கூட்டாகப் பாடிக்கொண்டு இருக்கிறோம். பாதயாத்திரையில் கால் வலித்தால் பிடித்துவிட ஆள் இருக்கிறது. விட்டவனுக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது: மரியாதை, துணை, ஒழுங்கு, சாயங்கால வேலை.

மாலையைக் கழற்றியதும் இவ்வளவும் ஒரே நாளில் போய்விடுகிறது. சாமி மறுபடி டேய் ஆகிறான். சாயங்காலம் ஆறு மணிக்குப் போக்கிடம் இல்லை. கூட்டம் கலைந்துவிட்டது. அன்றைக்கே குடிக்கிறவன் பலவீனன் என்று ஊர் சொல்லும். தாங்கிப் பிடித்த நாலு கம்பத்தையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை.

அது ஒரு குறை. பெரிய குறை வேறு. விரதத்துக்கு இரண்டே நிலைதான்: காத்தது, முறிந்தது. முறிந்துவிட்டால் மிச்சம் எதையும் காப்பாற்ற வேண்டியதில்லை. அடுத்த மாலைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடுகிறது. கையில் கயிறு கட்டிக்கொள்வதும், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வதும், அம்மா தலையில் கை வைப்பதும் இதே கதைதான். நீ அக்கா தலையில் கை வைத்துச் செய்த சத்தியம்தான் இப்போது உன்னை அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறது. அம்மா முகத்தில் முழிக்க முடியவில்லை, அதனால் படுத்திருக்கிறாய். படுத்திருந்தால் எட்டு மணிக்கு மறுபடி நாக்கு தேடும். இனிமேல் யாரிடமும் சத்தியம் செய்யாதே. அவளிடமும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நீ இருப்பது வைத்தியத்தில். வைத்தியத்தில் ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் அடுத்த வேளை போட்டுக்கொள்வோம், டாக்டரிடம் சொல்வோம்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன், நீ நாளைக்கு வேறு எவனுக்காவது சொல்லலாம். தினமும் நிறையக் குடித்தவன் மாலை போட்ட கையோடு திடீரென நிறுத்தினால் மூன்றாம் நாள் உடம்பு தூக்கிப் போடும். சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசி உட்கார வைத்த வீடும் உண்டு. அப்படிப்பட்டவன் மாலை போடுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்து, நடுக்கத்துக்கான மருந்தோடு நிறுத்த வேண்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. கூட்டத்துக்கு மதுரையில் நீ போனாய், அங்கே டாக்டர் பாப் பெயரைக் கேட்டிருப்பாய். அவர் கதையை முழுசாகச் சொன்னார்களோ என்னவோ. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்தில் அறுவை மருத்துவர், ராபர்ட் ஸ்மித் என்று பெயர். 1935 மே மாதம், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்ற பங்கு வியாபாரக்காரர் அவரைச் சந்தித்தார். இரண்டு குடிநோயாளிகள் மணிக்கணக்கில் பேசினார்கள். பாப் நிறுத்திவிட்டார். அதோடு கதை முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் கொஞ்ச நாளில் மருத்துவர்கள் மாநாட்டுக்கு என்று அட்லாண்டிக் சிட்டிக்கு ரயிலேறிய மனிதர் குடிக்க ஆரம்பித்து, நினைவு தப்பும் அளவுக்குக் குடித்துத் திரும்பினார். பில் அவரைத் திட்டவில்லை, போய்த் தொலை என்று கைவிடவும் இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். ஓர் அறுவை சிகிச்சை பாக்கி இருந்தது. அன்று காலை கை நடுக்கம் அடங்க ஒரு பீர் கொடுத்து அனுப்பினார். (இதைப் பிடித்துக்கொள்ளாதே. அந்தக் காலத்தில் இன்றைக்கு இருக்கும் மருந்து கிடையாது. இப்போது நடுக்கத்துக்கு மாத்திரை உண்டு, பீர் கிடையாது.) அறுவை முடிந்தும் பாப் வீட்டுக்கு வந்து சேரவில்லை. எல்லோரும் பயந்தார்கள். அவரோ கடன் கொடுத்தவர்களையும், தன் குடியால் கஷ்டப்பட்டவர்களையும் வீடு வீடாகத் தேடிப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த நாளை 1935 ஜூன் 10 என்று வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது அதைத்தான். பில் குடியை விட்ட நாளை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, இருவரும் சந்தித்த நாளையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் சறுக்கி விழுந்து எழுந்த நாளை எடுத்துக்கொண்டார்கள். 1950-ல் சாகும்வரை டாக்டர் பாப் மறுபடி தொடவில்லை. இந்தியாவுக்கு அந்த இயக்கம் 1957-ல் வந்தது. நீ உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி அந்த வழியில் வந்ததுதான். அங்கே போனால் உன் கணக்கை மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணச் சொல்வார்கள். எண்ணிக்கொள். ஆனால் அந்தப் பத்து மாதம் அழிந்துவிட்டது என்று நினைக்காதே. அந்த மாதங்களில் நீ கட்டிய வண்டித் தவணையை ஃபைனான்ஸ்காரன் திருப்பித் தரவில்லை, கடனில் கழித்துக்கொண்டான்.

இனி, சனிக்கிழமைக்குப் பின்னால் போவோம். சறுக்கல் கிளாஸில் தொடங்குவதில்லை. உன் விஷயத்தில் அது மார்ச்சில் தொடங்கியது என்று எனக்குப் படுகிறது. ரிவ்யூவுக்கு மதுரை வர வேண்டிய தேதியில் “பள்ளிக்கூட டூர் வண்டி இருக்கு மாமா, அடுத்த வாரம்” என்றாய். அடுத்த வாரம் வரவே இல்லை. மாத்திரை தீர்ந்தது, வாங்கவில்லை. ஏப்ரலில் இ-பாஸ் கெடுபிடியில் வெளியூர் வண்டி எத்தனை வரும், நமக்கு எத்தனை சவாரி விழும் என்ற கவலையில், கிடைத்த டிரிப்பை எல்லாம் எடுத்தாய். ராத்திரி ஒரு மணிக்கு இறக்கிவிட்டு விடிகாலை ஐந்துக்கு சூரிய உதயம் காட்டக் கூட்டிப்போனாய். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நாலு எதிரிகளை ஏ.ஏ.காரர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். சீசன் டிரைவருக்கு நாலும் தினக்கூலி மாதிரி கிடைக்கிறது. அதற்குப் பிறகு நைட் ஹால்ட்டில் டிரைவர் ரூமில் தனியாகப் படுக்காமல் “சும்மா தீ காயப் போனேன்” என்றாயாமே, அந்தச் சும்மாவையும் மார்லட் எழுதியிருக்கிறார். பார்த்தால் குடிக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் சின்னச் சின்ன முடிவுகள், ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கடை வாசலில் விடும் என்கிறார்.

குளிருக்கு என்ற பேச்சை மலையை விட்டே துரத்த வேண்டும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், மேல்மலைக் குளிர் எனக்குத் தெரியாததில்லை. சாராயம் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்கும் சூட்டை மேலே கொண்டுவந்து தோலில் காட்டுகிறது. முகம் காந்தும், கதகதப்பாகத் தெரியும். அந்தச் சூடு அப்படியே வெளியே போய்விடும். உடம்பின் உள் வெப்பம் குறையும், நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறனும் மந்தமாகும். குளிருக்குக் குடிக்கிறவன் குளிரை உள்ளே வாங்கிக்கொள்கிறான். சுக்குக் காபிக்கு இந்தக் கெடுதல் கிடையாது.

டிரைவர் என்பதால் இந்தக் கணக்கும் மனதில் இருக்கட்டும். 180 மில்லி குவார்ட்டர் ஒன்று உடம்பை விட்டுப் போக ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். குளித்தாலும் மோர் குடித்தாலும் வாந்தி எடுத்தாலும் அந்த வேகம் கூடாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆஃப் அடித்தவன் காலை ஆறு மணிக்கு ஸ்டியரிங் பிடித்தால், அவன் குடித்துவிட்டுத்தான் ஓட்டுகிறான். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில சமயம் இரண்டும். லைசென்ஸ் போனால் உனக்குச் சோறு போச்சு.

அடுத்து ஒரு மாத்திரை பற்றி. இதை அக்காவும் படிக்க வேண்டும், படித்துக் காட்டு. டைசல்ஃபிராம் என்று ஒன்று உண்டு. அதைச் சாப்பிடுகிறவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அந்தப் பயமே மருந்து. டாக்டர் கண்காணிப்பில், சாப்பிடுகிறவர் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட்டால் பலருக்கு நல்ல பலன் உண்டு. ஆனால் ஊரில் என்ன செய்கிறார்கள்? யாரோ சொன்னார் என்று வாங்கிவந்து அவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து விடுகிறார்கள். அவன் தெரியாமல் குடிக்கிறான், மயங்கி விழுகிறான். நெஞ்சு பலவீனமானவன் செத்தே போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். பக்கத்து வீட்டில் யாரோ யோசனை சொன்னதாக அக்கா என்னிடம் கேட்டாள், கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆசையைக் குறைக்கும் வேறு மருந்துகளும் இருக்கின்றன. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று. உன் கல்லீரல், சிறுநீரகம் பார்த்து எது பொருந்தும் என்று டாக்டர் சொல்வார். நீ கேட்க வேண்டும்.

அக்கா பற்றியும் பேச வேண்டும். அவள் பூண்டு வயலுக்குப் போகாமல் உன் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாராவது கேட்டால் உனக்குக் காய்ச்சல் என்கிறாள். இது அவளுக்கு ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது. சென்னையில் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள், டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்துவது. குடிநோயில் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கினார். பெரிய தொழில் குடும்பம். மாரடைப்பு என்று சொல்லி மூடியிருக்கலாம். அவர் கணவர் பெயரையே பலகையில் எழுதி, குடிநோய்க்கு வைத்தியம் செய்யும் இடம் என்று திறந்தார். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே சிகிச்சை முகாம் நடத்தினார்கள். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்குப் பிடித்தது விருது இல்லை. குடிக்கிறவருக்கு வைத்தியம் செய்யும் போதே குடும்பத்தாரையும் கூட்டிவைத்து, அவர்களுக்கும் ஆலோசனை உண்டு என்று நடத்திய முறை. அக்காவும் உன்னோடு டாக்டரிடம் வரட்டும். காய்ச்சல் என்று பொய் சொல்லும் வேலையிலிருந்து அவளுக்கு விடுதலை கொடு.

உன் பெரியப்பா “ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடுவான்” என்கிறார். கல்யாணம் பண்ணி வைத்தால் குடி நிற்கும் என்ற அந்த வைத்தியத்தை நான் நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். குடியும் நிற்காது, ஒரு பெண்ணும் கெடுவாள். எவன் பெற்ற பெண்ணையோ நமக்கு மருந்தாக வாங்கிவரக் கூடாது. ஒரு வருடமாவது நீ நிதானமாக நின்ற பிறகு, விஷயத்தைப் பெண்ணிடமே சொல்லி, அவளுக்குச் சம்மதம் என்றால் அப்போது பேசலாம். பெரியப்பாவிடம் இதை நான் பேசிக்கொள்கிறேன், நீ வாய் திறக்க வேண்டாம்.

2019-ல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்று வந்தது. மேல்மலையில் அது இன்னும் அருமை. கிளாவரையிலோ கவுஞ்சியிலோ இருக்கிறவன் இதற்கென்று ஒரு மருத்துவரைப் பார்க்க மலையிறங்கி திண்டுக்கல்லோ தேனியோ மதுரையோ போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். நீ அந்த ஒருவனாக இருக்கிறாய். மறுபடி போனால் “திரும்ப வந்துட்டியா” என்று கேட்பார்கள் என்று பயப்படாதே. அங்கே இருக்கிற டாக்டருக்கும் கவுன்சலருக்கும் இது புதிசில்லை. அமெரிக்காவில் மெக்லெல்லன் என்பவரும் கூட்டாளிகளும் 2000-ல் எழுதிய கட்டுரை மருத்துவ உலகில் பெயர் பெற்றது: போதைப் பழக்கம் விட்டவர்கள் மறுபடி சறுக்கும் விகிதம், ஆஸ்துமாக்காரர்களும் ரத்த அழுத்தக்காரர்களும் மருந்து விட்டு மறுபடி நோய் முற்றி வரும் விகிதத்தைவிட மோசமில்லை என்று காட்டினார்கள். திரும்பி வருகிறவன் அவர்களுக்கு வாடிக்கையான நோயாளிதான்.

ஆனால் ஒன்று. சகஜம் என்பதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதே. இத்தனை நாள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய ஆஃபை நினைத்து ஊற்றினால் மூச்சே அடங்கலாம். “விழுந்தாலும் எழுந்துக்கலாம்” என்று முன்கூட்டியே இடம் வைத்துக் குடிக்கிறவன் எழுவதில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது. வண்டி சீட்டுக்கு அடியில் காலி பாட்டில் கிடக்கிறதாம். நீலகிரியில் 2022-ல் ஆரம்பித்து நம் மலைக்கும் வந்த, காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டம் எனக்குத் தெரியும். காட்டுக்கும் மிருகத்துக்கும் நல்ல திட்டம். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நீ கடை வாசலுக்குப் போகாதே. பத்து ரூபாய் போகட்டும், வேறு யாரிடமாவது கொடுத்துவிடு. பாட்டிலில் மிச்சம் இருந்தால் அக்கா கண்முன்னே கொட்டு. சனிக்கிழமை கூட இருந்த டிரைவர் நண்பன் ஒருவனிடமாவது “நான் வைத்தியத்தில் இருக்கேன், எனக்கு யாராவது ஊற்றினால் தடுத்துவிடு” என்று சொல்லி வை. மாலை போட்டபோது ஊரே தடுத்ததே, ஒருவன் போதும். சீசன் முடியும் வரை நைட் ஹால்ட் டிரிப் எடுக்காதே. வருமானம் குறையும், தவணையில் துண்டு விழுந்தால் என்னிடம் கேள். கடை பகல் பன்னிரண்டுக்குத் திறந்து ராத்திரி பத்துக்கு மூடுகிறது. உனக்குக் கெட்ட நேரம் அதில் கடைசி நாலு மணிதான். அந்த நேரத்துக்கு ஓர் ஆளையோ வேலையையோ ஏற்பாடு செய்துகொள். ராத்திரியில் மனசு கிடந்து அடித்துக்கொண்டால், பேச யாரும் இல்லை என்றால், டெலி மனஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள். போதை மீட்புக்கு என்றே மத்திய அரசின் 14446 இருக்கிறது. சாக வேண்டும் போல ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தால் எந்த நம்பரையும் தேடாதே, அக்காவை எழுப்பு, எனக்குப் போன் போடச் சொல். எத்தனை மணியானாலும்.

டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். காலை முதல் பஸ்ஸில் அக்காவையும் கூட்டிக்கொண்டு இறங்கு. வண்டியை எடுத்துக்கொண்டு வராதே. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அங்கிருந்து மூன்று பேருமாக மதுரைக்குப் போவோம். பழைய மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்து வா.

இப்படிக்கு,
மாமா